ரவுட்டருக்குள் இரண்டு வழிகள்

(தில்லியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தில்லி வீடுகளுக்குள் பிராட்பேண்ட் வந்து சேர்ந்தது 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2004 அக்டோபரில் வெளியான மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்று சொல்லலாம் என வரையறுத்தது. எம்டிஎன்எல் தன் டிரைபேண்ட் இணைப்பைப் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியிலேயே கொடுத்தது. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பிலும் கரோல் பாக் மாடி வீடுகளிலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு மோடம் வந்து உட்கார்ந்தது.

அந்த 256 கிலோபிட்டைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். இணையத்தில் போகும் ஒரு முழு அளவு பாக்கெட் 1,500 பைட். அந்தக் கணக்கில் நொடிக்கு 21 பாக்கெட்டுகள்தான் வரும். அக்காலத்தில் உலகமெங்கும் விற்ற லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜிஎல் ரவுட்டரின் சிபியூ 200 மெகாஹெர்ட்ஸ். அப்படியானால் ஒவ்வொரு பாக்கெட்டையும் கவனிக்க அதற்கு ஏறத்தாழ 95 லட்சம் கடிகாரத் துடிப்புகள் கிடைத்தன. பாக்கெட்டைப் பிரிக்கலாம், முகவரியை மாற்றலாம், கணக்கில் எழுதலாம், அதன்பின்னும் நேரம் மிஞ்சும்.

இன்று அதே தெருக்களில் ஃபைபர் போகிறது. ஜிகாபிட் திட்டம் வரை விற்கிறார்கள். முழு அளவு பாக்கெட்டுகளே வந்தாலும் நொடிக்கு 81,000. மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால் 14 லட்சத்து 88 ஆயிரம். வேகம் ஏறத்தாழ 4,000 மடங்கு ஏறியிருக்கிறது. சாதாரண வீட்டு ரவுட்டரின் சிபியூ எவ்வளவு ஏறியிருக்கிறது? பல ஆண்டுகளாக எண்ணற்ற மலிவு ரவுட்டர்களில் இருந்துவரும் மீடியாடெக் எம்டி7621 சிப் 880 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, இரண்டு கோர்களுடன். முழு அளவு பாக்கெட் ஒன்றுக்கு ஒரு கோரில் கிடைப்பது சுமார் 10,800 துடிப்புகள். சிறிய பாக்கெட் என்றால் 590.

ஆனாலும் அந்த மலிவு ரவுட்டர் ஜிகாபிட்டைக் கடத்திக் காட்டுகிறது. எப்படி என்பதில்தான் இன்றைய பேச்சின் மையம் இருக்கிறது.

ரவுட்டர் சிப்புக்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சிபியூ வழி. லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு பாக்கெட்டையும் வாங்கி, ஃபயர்வால் விதிகளைப் பார்த்து, முகவரி மாற்றத்துக்கான நாட் அட்டவணையைத் தேடி, ஹெட்டரைத் திருத்தி வெளியே அனுப்புகிறது. எதை வேண்டுமானாலும் செய்ய வல்ல வழி, மெதுவானது. இன்னொன்று வன்பொருள் வழி. மீடியாடெக் சிப்புகளில் இதற்கென்று பாக்கெட் இன்ஜின் ஒன்று தனியாக இருக்கிறது. குவால்காம் தன் சிப்புகளில் இதே வேலைக்கு வேறு வடிவமைப்பை வைத்திருக்கிறது. ஒரு இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகள் சிபியூவுக்குப் போகின்றன. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த போர்ட், எந்தப் புரோட்டோகால் என்று கெர்னல் ஒருமுறை தீர்மானித்ததும் அந்த முடிவை இன்ஜினின் அட்டவணையில் ஒரு வரியாக எழுதிவிடுகிறது. அதற்குப்பின் அந்த இணைப்பின் பாக்கெட்டுகள் சிபியூவைத் தொடாமலே ஒரு போர்ட்டில் நுழைந்து மறு போர்ட்டில் வெளியேறும். ஜிகாபிட் ஓடும்போதும் சிபியூ ஏறக்குறைய சும்மா இருக்கும்.

இன்ஜின் வேகமானது, ஆனால் அதற்குத் தெரிந்த வேலைகள் சில மட்டுமே. தெரியாத பாக்கெட் வந்தால் அதை சிபியூ வழிக்கே திருப்பிவிடும். டன்னல் என்று நெட்வொர்க்காரர்கள் சொல்லும் சுரங்க வழியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முகவரி எழுதிய ஒரு தபால் உறையை, வேறு முகவரி எழுதிய இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்புவதுதான் டன்னல். வழியில் இருப்பவர்கள் வெளி உறையை மட்டும் படிக்கிறார்கள்; போய்ச் சேர்ந்த இடத்தில் அதைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுக்கிறார்கள். ரவுட்டரில் இது ஒரு மெய்நிகர் இன்டர்ஃபேஸாகத் தெரியும். கெர்னல் ஒரு பாக்கெட்டை அதற்குள் அனுப்பினால் வெளி ஹெட்டர் ஒட்டிக்கொண்டு மீண்டும் கெர்னலுக்கே வருகிறது. இரண்டாம் முறை வழி தேடி, இரண்டாம் முறை விதிகளைக் கடந்து, பிறகுதான் நிஜமான போர்ட்டை அடைகிறது. சிபியூவுக்கு இரட்டை வேலை.

தில்லிவாசிகள் பலர் அறியாமலே இருபது ஆண்டுகளாக ஒரு டன்னலைப் பயன்படுத்தி வருகிறார்கள். எம்டிஎன்எல் மோடத்தில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு இணைத்தது நினைவிருக்கும். அது பிபிபிஓஇ. 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2516 என்ற எண்ணில் வெளியான வழிமுறை. 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்திலிருந்து டயல்-அப் இணைப்புகளில் பழகிய பிபிபி புரோட்டோகாலை ஈத்தர்நெட் மேல் ஏற்றியது. இணைய நிறுவனங்களுக்கு அது வசதி: பழைய பில்லிங், பழைய பாஸ்வேர்டு முறை எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதற்கான விலை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட். 1,500 என்ற எல்லை 1,492 ஆகிறது.

இந்த 8 பைட்டை ஒட்டவும் பிரிக்கவும் இன்றைய பாக்கெட் இன்ஜின்களுக்குத் தெரியும். பிபிபிஓஇ இணைப்பிலும் ரவுட்டர் ஜிகாபிட் தருவதற்கு அதுவே காரணம். மீடியாடெக் இன்ஜினுக்கான லினக்ஸ் டிரைவர் 2021இல் வந்த 5.13 பதிப்பில் கெர்னலில் சேர்ந்தது. அதன் மூலநிரலைத் திறந்தால் இன்ஜினுக்குத் தெரிந்த பாக்கெட் வகைகளின் பட்டியல் கண்ணில் படும். ஐபிவி4 நாட், ஐபிவி4 வழிகாட்டல், பிரிட்ஜ், ஐபிவி6 வழிகாட்டலில் இரண்டு வகை; இவை தவிர இரண்டு டன்னல்கள்: டிஎஸ்-லைட், 6ஆர்டி.

ஏன் குறிப்பாக அந்த இரண்டு? 6ஆர்டி பிரான்ஸில் பிறந்தது. ஃப்ரீ என்ற இணைய நிறுவனம் 2007இல் தன் பழைய ஐபிவி4 வலையின் மேலேயே ஐபிவி6 கொடுக்க அதைப் பயன்படுத்தியது. 2011இல் ஆர்எஃப்சி 6333 ஆக வந்த டிஎஸ்-லைட் நேர் எதிர்; ஐபிவி6 வலைக்குள் ஐபிவி4ஐச் சுற்றி அனுப்புவது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அது பரவியது. இரண்டுமே இணைய நிறுவனங்கள் தங்கள் வலையை நடத்தத் தேவைப்பட்டவை. லட்சக்கணக்கில் ரவுட்டர் வாங்குபவர்கள் அவர்கள்தான். அவர்கள் கேட்டதைச் சிப் நிறுவனங்கள் சிலிக்கானில் பொறித்தன. ஜிஆர்இ அந்தப் பட்டியலில் இல்லை. வயர்கார்டும் இல்லை. இரண்டும் வாடிக்கையாளர் தானே அமைத்துக்கொள்ளும் டன்னல்கள். தனியொரு வாடிக்கையாளரின் தேவை சிப் வரைபவரின் மேசைக்குப் போய்ச் சேருவதில்லை.

தில்லிக்கு இதன் பொருள் என்ன? இந்தியாவில் ஐபிவி6 எந்த டன்னலின் உதவியும் இல்லாமல் நேரடியாகவே பரவியது. 2010 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஐபிவி6 வழிகாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபின் வேகம் பிடித்து, இன்று உலகிலேயே ஐபிவி6 அதிகம் புழங்கும் நாடுகளில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. ஆகவே 6ஆர்டிக்காகச் சிலிக்கானில் ஒதுக்கிய இடம் மயூர் விஹாரில் ஒரு வீட்டுக்கும் பயன்படாது. அந்த வீட்டுக்குத் தேவை அலுவலகத்துக்குப் போகும் டன்னல். அதை ரவுட்டரில் அமைத்தால் சிபியூ வழியில்தான் போயாக வேண்டும்.

அந்தத் தேவை ஒரே மாதத்தில் பெருகிய காலமும் உண்டு. 2020 மார்ச் 13 அன்று, வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக ஐடி, கால்சென்டர் துறைக்கான விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை தளர்த்தியது. அதுவரை அனுமதி பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் அமைத்துத் தரும் விபிஎன் என்ற தனிப்பட்ட டன்னல் வேண்டும் என்றிருந்த இடத்தில், நிறுவனங்கள் தாங்களே பாதுகாப்பான விபிஎன் அமைத்துக்கொள்ள வழி கிடைத்தது. 25ஆம் தேதி ஊரடங்கு. குருகிராம், நொய்டா அலுவலகங்கள் தில்லி வீடுகளுக்குள் வந்தன. தற்செயலாக அதே வாரம், மார்ச் 29 அன்று, லினக்ஸ் 5.6 வெளியானது; வயர்கார்டு முதல்முறையாகக் கெர்னலின் பகுதியாக வந்தது அதில்தான்.

ஒருவர், ஒரு லேப்டாப் என்றால் கவலையில்லை. டன்னலை லேப்டாப்பிலேயே ஓட்டலாம். அதன் சிபியூவில் ஏஇஎஸ் மறையாக்கத்துக்கெனத் தனிக் கட்டளைகளே உண்டு. ரவுட்டருக்கு அது இன்னொரு சாதாரண இணைப்பு, வேகமான வழியிலேயே போகும். இந்த ஒரு யோசனையே பல வீடுகளின் சிக்கலைத் தீர்க்கும்.

ஆனால் லக்ஷ்மி நகரில் ஒரு ஆடிட்டர் அலுவலகம், நொய்டாவில் அதன் கிளை, இரண்டிலும் நான்கைந்து கணினிகள், ஒரு பிரிண்டர், கேமரா பதிவுப் பெட்டி, ஐபி தொலைபேசி என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டருக்குள் விபிஎன் போட முடியாது. இரண்டு இடங்களையும் இணைக்க ரவுட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் டன்னல் வேண்டும். மருந்துக்கடைச் சங்கிலிகள், கிளினிக்குகள், பயிற்சி மையங்கள் எல்லாம் இந்த நிலையில்தான் இருக்கின்றன. பெரிய நிறுவனம் லட்சக்கணக்கில் கொடுத்துத் தனி விபிஎன் கருவி வாங்கிக்கொள்ளும். இந்தச் சிறிய அலுவலகங்கள் வாங்குவது கடையில் கிடைக்கும் ரவுட்டரைத்தான்.

அங்கே மறையாக்கம் குறுக்கே வருகிறது. வயர்கார்டு பயன்படுத்துவது சாச்சா20. ஏஇஎஸ் கட்டளைகள் இல்லாத சிபியூக்களிலும் மென்பொருளாகவே வேகமாக ஓடும் வழிமுறை அது. கைபேசிகளுக்கு நல்ல வரம். ஆயினும் எம்டி7621இன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு 10,800 துடிப்பு, பாக்கெட்டுக்குள் 1,420 பைட். ஒரு பைட்டுக்கு ஏழெட்டுத் துடிப்பு. இரண்டு கோர்களையும் சேர்த்தால் பதினைந்து. மறையாக்கம், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சரிபார்ப்பு முத்திரை, இரண்டு தடவை கெர்னலுக்குள் ஏறி இறங்குவது, நாட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. அதனால் இந்த வகை ரவுட்டரில் வயர்கார்டு வேகம் ஜிகாபிட்டுக்குப் பக்கத்திலேயே போவதில்லை. அதே சிப்பில் ஐபிசெக் என்ற இன்னொரு மறையாக்க டன்னல் முறைக்கென்று தனி மறையாக்க இன்ஜின் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏஇஎஸ் தெரியும், சாச்சா20 தெரியாது.

லாத்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தை இங்கே மனமாரப் பாராட்ட வேண்டும். இதே எம்டி7621 சிப்பில் செய்த ஹெக்ஸ் என்ற சிறு ரவுட்டருக்கு, ஐபிசெக் வேகம் சுமார் 470 மெகாபிட் என்று அந்த நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. பொருளின் பக்கத்தில் 1,400, 512, 64 பைட் என்று பாக்கெட் அளவுவாரியாகச் சோதனை எண்கள் இருக்கும். வாங்குபவர் தன் கிளை அலுவலகத்துக்கு எது போதும் என்று உட்கார்ந்து கணக்குப் போட முடியும். யுபிக்விட்டி நிறுவனத்தின் எட்ஜ்ரவுட்டர் லைட் இன்னொரு நல்ல உதாரணம். அதில் இருந்த கேவியம் சிப்பின் வன்பொருள் வழிக்கு பிபிபிஓஇ மட்டுமல்ல, ஜிஆர்இயும் தெரியும். ஆனால் அவற்றை உரிய கட்டளை கொடுத்து இயக்கினால்தான் வேலை செய்யும். கட்டளை தெரியாதவர் கையில் அதே பெட்டி மெதுவான பெட்டி.

நேரு பிளேஸ் கடைகளில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் எழுதியிருப்பது வேறு. ஏஎக்ஸ்3000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த 3,000 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 மெகாபிட், 5 கிகாஹெர்ட்ஸில் 2,402 மெகாபிட் என்ற இரண்டு வைஃபை உச்ச வேகங்களைக் கூட்டி முழுமையாக்கிய எண். சாதாரணமாக ஒரு கைபேசி இரண்டையும் சேர்த்துப் பெறாது. விபிஎன் ஆதரவு உண்டு என்று ஒரு வரியும் இருக்கும். எவ்வளவு வேகத்தில் என்ற தகவல் பெரும்பாலும் இருக்காது. சிபியூவின் பெயர் கூட இருக்காது. வாங்குபவர் மிக அவசியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய எண்ணைப் பெட்டி சொல்லாமல் விடுகிறது. இது திருத்தப்பட வேண்டிய குறை.

வேகமான வழிக்கென்றே சில ஆபத்துகளும் உண்டு. இன்ஜின் வழியே போகும் பாக்கெட்டுகளைக் கெர்னல் பார்ப்பதில்லை. சிக்கல் வந்து பாக்கெட் பிடித்துப் பார்க்கும் பொறியாளர் கண்ணுக்கும் அவை படாது. மைக்ரோடிக்கில் ஃபாஸ்ட்டிராக் என்ற விரைவு வழியை இயக்கும்போது ஐபிசெக் பாக்கெட்டுகளை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பது அத்துறையில் பாலபாடம். விலக்காவிட்டால் டன்னலுக்குள் போக வேண்டியவை விதிகளைத் தாண்டி ஓடி, இணைப்பு தடுமாறும்.

தில்லி இணைப்புகளில் டன்னல் போடுபவர்களை அதிகம் அலைக்கழிப்பது வேகத்தைவிட அளவுதான். அறிகுறி எப்போதும் ஒன்றுபோல இருக்கும். பிங் போகும். லாகின் பக்கம் திறக்கும். பெரிய இணைப்புக் கோப்பை இறக்கினால் பாதியில் நின்றுவிடும். காரணம் கூட்டல் கழித்தலில் இருக்கிறது. வயர்கார்டின் வழக்கமான எல்லை 1,420 பைட். 1,500இல் 80 கழித்தது அது. வெளி உறை ஐபிவி6 ஆக இருந்தாலும் இடம் இருக்கட்டும் என்று விட்டது. ஆனால் பிபிபிஓஇ இணைப்பில் தொடக்கமே 1,492. அதில் 80 போனால் 1,412. அந்த எட்டுப் பைட் இடிப்பதால் முழு அளவு பாக்கெட்டுகள் துண்டாகின்றன, அல்லது வழியில் விழுகின்றன. வெளி உறை ஐபிவி4 என்றால் 60தான் கழியும், 1,432 வரை இடமிருக்கும், சிக்கல் வராது. எனவே ஐபிவி4 வழியே நன்றாக ஓடிக்கொண்டிருந்த டன்னல், ஐபிவி6க்கு மாறிய அன்று திணறத் தொடங்கும். டன்னல் இன்டர்ஃபேஸின் எம்டியூ என்ற இந்த அளவு எல்லையை 1,412 என்று கையால் மாற்றினால் சரியாகிவிடும். பாக்கெட் துண்டானால் இன்ஜின் அதைத் தொடாமல் சிபியூவிடம் தள்ளிவிடும் என்பதால், அளவைச் சரியாக வைப்பது வேகத்துக்கும் உதவுகிறது.

இன்னொரு தடை முகவரிப் பஞ்சம். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஐபிவி4 இருப்பு 2011 ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல வீட்டு இணைப்புகளில் 100.64 என்று தொடங்கும் பொது அல்லாத முகவரி வருகிறது. பல வீடுகள் ஒரு வெளி முகவரியைப் பகிர்கின்றன. ஜிஆர்இக்குப் போர்ட் எண் கிடையாது, அதனால் இந்தப் பகிர்வைக் கடக்க முடியாமல் நிற்கும். போர்ட் எண் கொண்ட யுடிபி மேல் ஓடும் வயர்கார்டு கடக்கும். இரு முனைகளிலும் ஐபிவி6 இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சில சிப்புகளின் வன்பொருளாவது கையாளக்கூடிய ஜிஆர்இ இந்த இணைப்புகளில் போகாது. போகக்கூடிய வயர்கார்டை வன்பொருள் அறியாது. ஆடிட்டர் அலுவலகம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

தில்லியின் வெயிலையும் சொல்லியாக வேண்டும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றின் கையேட்டில் இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி என்று இருக்கும். 2024 மே 29 அன்று சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது. ஏசி இல்லாத அறையில், அலமாரிக்கு மேல், விசிறி இல்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், டன்னலுக்காக இரண்டு கோர்களும் முழு மூச்சில் ஓடும் மதிய வேளையை எண்ணிப் பாருங்கள். அதே வேலையை இன்ஜின் செய்தால் மின்சாரமும் குறைவு, சூடும் குறைவு. வன்பொருள் ஆதரவு என்பது இந்த ஊருக்கு வேகத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

இதற்கெல்லாம் யாரிடம் கேட்பது? கேட்க வேண்டிய இடம் தில்லியிலேயே இருக்கிறது. ஜன்பத் சாலையில் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம், டிஇசி, இயங்குகிறது. 2017இல் திருத்திய தந்தி விதிகளின் கீழ், தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான கட்டாயச் சோதனையும் சான்றிதழும் 2019இலிருந்து அதன் பொறுப்பு. மின் பாதுகாப்பு, மின்காந்தக் குறுக்கீடு, தொழில்நுட்பத் தேவைகள் சோதனைக்கு உட்படுகின்றன. அந்தச் சோதனையில் இன்னும் மூன்று எண்களை அளந்து பெட்டியில் அச்சிடச் சொல்லலாம்: பிபிபிஓஇ வேகம், ஐபிசெக் வேகம், வயர்கார்டு வேகம். எப்படி அளப்பது என்று புதிதாக யோசிக்க வேண்டியதும் இல்லை. 1999 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2544, 64 பைட்டிலிருந்து 1,518 பைட் வரை எந்தெந்த அளவில் நெட்வொர்க் கருவியைச் சோதிக்க வேண்டும் என்று வகுத்தே வைத்திருக்கிறது. இணைப்பின் தரத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கண்காணிக்கிறது. அந்த இணைப்பு வந்து நுழையும் பெட்டியின் டன்னல் வேகத்தையும் யாராவது அளக்க வேண்டும்.

சிப்பையே நமக்கேற்ப வரையலாமே என்ற கேள்விக்கும் இந்நகரில் முன்னுதாரணம் உண்டு. 1984இல் தில்லியில் தொடங்கிய சி-டாட், கிராமத்துக்கான 128 இணைப்புத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தபோது, ஏசி இல்லாத அறையில், இந்திய வெயிலிலும் தூசியிலும் அது ஓட வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைத்தது. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது இயங்கத் தொடங்கியது. பிறகு ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் போனது. 2021 டிசம்பரில் மத்திய அரசு சிப் வடிவமைப்புக்கு ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. சென்னை ஐஐடியில் சக்தி என்ற ரிஸ்க்-வி செயலி வரிசை ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. இந்தியாவில் ஒரு வீட்டு ரவுட்டர் சிப் வரையப்படும் நாளில், அதன் பாக்கெட் இன்ஜினுக்குத் தெரிய வேண்டிய வகைகளின் பட்டியலில் ஐபிவி6 மேல் ஓடும் வயர்கார்டும், அதற்கான சாச்சா20 மின்சுற்றும் இடம்பெற வேண்டும். அந்தப் பட்டியலை எழுதும் குழுவில் இணைய நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரியோடு, இரண்டு கிளைகளை இணைக்கப் போராடும் சிறு அலுவலகத்தின் நெட்வொர்க்காரரும் உட்கார வேண்டும்.